போடாத பாலம்

கறுப்பு எனக்கு விழுந்தது.
எதிரே ஹாவர்கோர்ட்,
உலகத் தரவரிசையில் பதினொன்றாம் ஆள்.
ஜெர்முக்கில் நவம்பர். வெளியே பனி
வெந்நீர் ஊற்றின் ஆவிக்குள் விழுந்து
தரை தொடாமலே காணாமல் போகிறது.
சுகவாச விடுதியின் சாப்பாட்டுக் கூடம்தான் அரங்கம்.
மேசைத் துணியில், என் கடிகாரத்துக்குப் பக்கத்தில்,
யாரோ சிந்திய மாதுளைக் கறை.

நான் கியூம்ரியில் பல் கட்டுகிறவள்.
மருத்துவர் இல்லை; மருத்துவர் அனுப்பும் அச்சில்
மெழுகு வைப்பேன், சுரண்டுவேன்,
மயிரிழை மேடு இருந்தால் மறுபடி சுரண்டுவேன்.
என் வேலை வாய்க்குள் போன பிறகு
யாருக்கும் தெரியக் கூடாது.
அதனால்தான் முதல் மணி நேரத்திலேயே கண்ணில் பட்டது:
மனிதர் இடது பக்கம் மட்டும் பல்லைக் கடிக்கிறார்.
கீழ்த்தாடை, ஆறாவது பல்.
தூக்கத்திலும் கடிப்பார்.

நாற்பதாவது நகர்த்தலில் “சமன்” என்றார்,
மிச்சச் சில்லறையை நீயே வைத்துக்கொள் என்பது போல.
என்னிடம் ஒரு சிப்பாய் கூடுதல்.
ஒன்றே ஒன்று, ராணியின் நேர்வரிசையில்.
தலையை ஆட்டினேன்.
அவர் முதன்முறையாக என் பெயர்ப் பலகையைப் படித்தார்:
ஷோகர் தெர்-மினாசியான்.
உதடு அசைந்தது. பாதியில் விட்டுவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும்.
நீங்கள் யானை என்கிற மூலைக் காயை
நாங்கள் படகு என்கிறோம்.
கடல் இல்லாத நாடு,
இருப்பது ஒரு பெரிய ஏரி,
ஆனாலும் படகு.
நீங்கள் மந்திரி என்பதுதான் எங்களுக்கு யானை.
அன்று யானைகள் எப்போதோ செத்துவிட்டன.
ஆளுக்கொரு படகு, ஆளுக்கொரு ராஜா,
எனக்கு மட்டும் அந்தச் சிப்பாய்.

ஐந்தாவது மணி நேரம்.
பக்கத்து மேசைகள் காலி. சமையலறையில் தட்டுச் சத்தம்.
அறுபத்தெட்டாவது நகர்த்தலில் அவர் ராஜா
நீண்ட பக்கம் போனான்.
குறுகிய பக்கம் போயிருக்க வேண்டும்.
பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விதி.
களைப்பா, அலட்சியமா, அந்தப் பல்லா?
நான் மூச்சை விடவில்லை.
மெழுகில் கத்தி இறங்கும்போதும் விட மாட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் சுரண்டல்தான்.
அவர் ராஜாவை என் படகால் வேலி கட்டி ஒதுக்கினேன்.
சிப்பாய் ஒரு கட்டம், ஒரு கட்டம்.
கடைசிக்கு முந்தின வரிசையில் அவன்,
அவனுக்கு முன்னால், அவன் வழியைத் தானே மறித்தபடி
என் ராஜா.

இந்த இடம் எனக்குத் தெரியும்.
பட்டறையில் மதிய ரொட்டிக்குப் பிறகு
காய்களுக்குப் பதில் சாந்துப் பற்களை வைத்துப் பழகியது:
கடைவாய்ப் பல் படகு, கோரைப்பல் சிப்பாய்.
“நோயாளியின் பல்லடி அது!” என்று வார்துஷ் கத்துவாள்.
இனி படகு ஐந்தாம் வரிசைக்குப் போக வேண்டும்.
ராஜா வெளியே வர வேண்டும்.
செக். செக். செக். செக்.
ஒவ்வொன்றுக்கும் விலகி விலகி
அவன் என்னை நோக்கியே நடந்து வருவான்;
கடைசியில் படகு குறுக்கே வந்து நிற்கும்.
அதற்குப் பெயர் பாலம்.

படகைத் தொடக் கையை உயர்த்தினேன்.
அந்த உயரத்திலேயே, அவர் கை வந்து
என் கையைப் பிடித்துக் குலுக்கியது.
கடிகாரம் நின்றது.
“அறுபத்தெட்டு,” என்றார். “குறுகிய பக்கம்.”
கையெழுத்துப் போட்டார். கோட்டை எடுத்தார். போனார்.

வென்றுவிட்டேன்.
இரண்டு பேர் கைதட்டினார்கள்; ஒருவர் சமையல்காரர்.
நடுவர் செரோப் காய்ப் பெட்டியோடு வந்தார்.
“ஒரு நிமிடம்,” என்றேன்.
பசித்தவள் எதிரிலிருந்து தட்டை எடுத்தால்
எப்படிக் கேட்பாளோ, அந்தக் குரலில்.

படகை ஐந்தாம் வரிசையில் வைத்தேன்.
வெள்ளைக்கும் நானே ஆடினேன்,
செக் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், நாலு தடவை.
ராஜா வந்தான். படகு குறுக்கே நின்றது.
செரோப் பாதி விளக்கை அணைத்துவிட்டு
மீதிக்குக் காத்திருந்தார்.

படியேறும்போதுதான் நினைவு வந்தது,
அவரிடம் சொல்லவே இல்லை:
இடது, கீழே, ஆறாவது.
சீக்கிரம் யாரிடமாவது காட்டுங்கள்.